சொட்டும் குழாயும் உடைந்த குழாயும்

‘பைப் ஒழுகுது’ என்ற இரண்டு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு பழுதுகள் அடங்கிக் கிடக்கின்றன. நன்றாக மூடிய பிறகும் வாய் வழியே சொட்டுவது ஒன்று. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் கழுத்தில் கசிவது இன்னொன்று. சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் கட்டுவது மூன்றாவது. குழாயின் உடலிலேயே விரிசல் விடுவதும், மரையோடு முறிந்து சுவருக்குள் பாதி தங்கிவிடுவதும் வேறு வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. கழுத்தில் கசியும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதும், வாயில் சொட்டும் குழாயைச் சுவரோடு சேர்த்து முறுக்குவதும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் வீண் வேலைகள். ஸ்பேனரைத் தேடுவதற்கு முன்பு, தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தேட வேண்டும்.

தண்ணீர் விழும் இடமும் புறப்படும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கழுத்தில் கசியும் நீர் குழாயின் உடலைத் தழுவி இறங்கி, மூக்கின் நுனிக்கு வந்துதான் சொட்டும். பார்ப்பவருக்கு வாயே ஒழுகுவதுபோல் தெரியும். குழாய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கிழித்த செய்தித்தாள் துண்டை முதலில் கழுத்திலும், பிறகு சுவர் ஓரத்திலும், கடைசியாக வாயிலும் ஒற்றிப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும். திறந்து வைத்தும் ஒருமுறை, மூடி வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். வளைந்த நீள மூக்குள்ள சமையலறைக் குழாயை மூடியதும், மூக்கில் தேங்கிய நீர் சில நொடிகள் சொட்டி நிற்கும். அது பழுது அல்ல. ஐந்து நிமிடம் கழித்தும் சொட்டினால்தான் பழுது.

சொட்டின் அளவை அறிய ஒரு டம்ளரும் கடிகாரமும் போதும். 200 மில்லி டம்ளர் 15 நிமிடத்தில் நிறைகிறது என்றால், மணிக்கு 800 மில்லி. ஒரு நாளைக்கு 19 லிட்டருக்கு மேல். சாதாரண பிளாஸ்டிக் குடம் ஒன்றை நிரப்பி வழியவிடும் அளவு அது. மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீராக இருந்தால் மின்சாரமும் சேர்ந்தே சொட்டுகிறது.

கடையில் கேட்கும் சொற்கள்

தமிழ்நாட்டு வீட்டுப் பேச்சில் பைப் என்றால் குழலும்தான், திருகும் குழாயும்தான். ஹார்டுவேர் கடையில் அந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே போகும். ‘அரை இஞ்ச் டேப்’ என்று கேட்டால், குழாயும் வரலாம், மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பும் வரலாம். அந்த நாடாவின் அகலமும் ஏறக்குறைய அரை இஞ்ச்தான் என்பதால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. குழாயை அதன் வகைப் பெயரால் கேட்பது நல்லது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு வாளியில் ஊற்றும் சாதாரணக் குழாய் பிப் காக். வாளியின் நடுவே விழும்படி உடல் நீண்டிருந்தால் லாங் பாடி. வாஷ்பேசின் மேல் நிமிர்ந்து நிற்பது பில்லர் காக். பேசினுக்குக் கீழேயும் கீசருக்கு அருகிலும் முழங்கை போல் மடங்கி இருப்பது ஆங்கிள் காக்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. வீட்டுக் குழாய்களில் பெரும்பாலானவை அரை இஞ்ச். ஆனால் மரையின் வெளிவிட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் காட்டும். அரை இஞ்ச் என்பதோ 12.7 மில்லிமீட்டர். இந்த அளவுப்பெயர் பழைய இரும்புக் குழலின் உள்துளையிலிருந்து வந்தது. மரையின் வெளிப்பக்கத்திலிருந்து அல்ல. அளந்து பார்த்து முக்கால் இஞ்ச் வாங்கி வந்தவர்கள் திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும். கழற்றிய பழைய பொருளையே கையில் எடுத்துப் போவதுதான் பிழைக்கு இடமில்லாத அளவுகோல்.

கருவிகள் அதிகம் வேண்டாம். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, பைப் ரெஞ்ச் ஒன்று, திருப்புளி, மூக்குக் குறடு, பழைய பல் துலக்கும் பிரஷ், டெஃப்லான் டேப் இரண்டு சுருள். இவற்றோடு ‘டம்மி’ என்று கடையில் கேட்கும் அரை இஞ்ச் அடைப்பான் ஒன்றை வீட்டில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். குழாயைக் கழற்றிய பிறகு சரியான வாஷர் கிடைக்காமல் போனாலும், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தாலும், அந்த ஓட்டையை டம்மியால் மூடிவிட்டு வீடு முழுவதற்கும் தண்ணீரைத் திறந்துவிடலாம். சில ரூபாய்ப் பொருள்தான். ஆனால் அது இல்லாத வீட்டில் ஒற்றைக் குழாய்க்காகக் குடும்பமே இரவெல்லாம் வாளித் தண்ணீரில் காலம் தள்ளும்.

தண்ணீரை நிறுத்துவது

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழலிலும் பெரும்பாலும் வட்டக் கைப்பிடியுள்ள கேட் வால்வோ, நெம்புகோல் போன்ற கைப்பிடியுள்ள பால் வால்வோ இருக்கும். பால் வால்வின் கைப்பிடி குழலுக்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். குழலோடு ஒட்டி நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. கேட் வால்வில் அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மேலும் வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். அதை ஒரே மூச்சில் திருகினால் தண்டு முறிந்து, சின்னப் பழுது பெரிய பழுதாகும். கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி என்று அசைத்து அசைத்தே வழிக்குக் கொண்டுவர வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் குளியலறைச் சுவருக்குள் பதித்த ஸ்டாப் காக்கோ, குழல்கள் இறங்கும் சந்தில் தனி வால்வோ இருக்கலாம். வால்வே இல்லாத பழைய வீட்டில், தொட்டி காலியாகும் நேரம் பார்த்து, மோட்டார் போடுவதற்கு முன் வேலையை முடிப்பதைத் தவிர வேறு சுலப வழி இல்லை.

வால்வை மூடிய பிறகு வீட்டிலேயே தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து குழலில் நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும். வெந்நீர்க் குழாயில் வேலை என்றால் கீசரின் மின்சாரத்தை முதலில் அணைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக இரண்டு வாளி பிடித்து வைக்க வேண்டும் என்பதை எந்த வீட்டிலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தரையில் உள்ள ஜாலியின் மேல் ஒரு பழைய துணியை விரித்து வைப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கைப்பிடியின் குட்டி ஸ்க்ரூ கைநழுவி நேராகப் போவது அந்த ஓட்டைக்குத்தான்.

வாஷர் உள்ள குழாய்

பல சுற்று சுற்றித் திறக்கும் பழைய மாதிரிக் குழாய்க்குள் இருப்பது எளிய ஏற்பாடு. திருகத் திருக ஸ்பிண்டில் என்னும் தண்டு கீழே இறங்கும். அதன் அடியில் உள்ள ரப்பர் வாஷர், நீர் வரும் துளையின் விளிம்பில் அமர்ந்து அழுத்தி அடைக்கும். அந்த விளிம்புக்குக் கடைமொழியில் சீட் என்று பெயர். திருகி மூடும் இந்த முறை இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரப் பித்தளை வார்ப்புப் பட்டறையிலிருந்து 1845-ல் வந்தது. அடிப்படை இன்றும் அதுவே.

வாஷர் தேய்ந்ததும் சொட்டு தொடங்குகிறது. சொட்டைக் கண்டதும் வீட்டில் எல்லோரும் இன்னும் இறுக்கி மூடத் தொடங்குகிறார்கள். இறுக்க இறுக்க ரப்பரில் வளையமாகப் பள்ளம் விழுகிறது. நாளடைவில் ரப்பர் பிய்ந்து, அதைப் பிடித்திருக்கும் பித்தளையே சீட்டில் உரசுகிறது. ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை புதுக் குழாய்ச் செலவில் முடிவது இப்படித்தான். சொட்டும் குழாய்க்குக் கைவலிமை மருந்து அல்ல. தொட்டியின் உயரமும் இதில் சேர்கிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். ஒற்றை மாடி வீட்டில் குழாய்க்கு மேல் மூன்று நான்கு மீட்டரில் தொட்டி இருக்கும். நான்கு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்துக்கு அது மூன்று மடங்குக்கு மேல். அங்கே அடக்கமாக இருக்கும் பாதித் தேய்ந்த வாஷர் இங்கே சொட்டத் தொடங்கிவிடும்.

பிரிக்கும் முறை இது. கைப்பிடியின் நடுவே உள்ள சிவப்பு அல்லது நீலப் பொத்தானை நகத்தாலோ தட்டைத் திருப்புளியாலோ நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை மேல்நோக்கி இழுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அது சுலபமாக வராது. வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வைத்தால் உப்புப் படிவு இளகும். கைப்பிடியை எடுப்பதற்கு முன்பே குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துவிட வேண்டும். மூடிய நிலையிலேயே கழற்ற முயன்றால் வாஷர் சீட்டை அழுத்திக்கொண்டிருப்பதால் மரை இரண்டு மடங்கு இறுக்கமாக இருக்கும். பிறகு ஆறு பட்டை உள்ள தலைப்பகுதியில் ஸ்பேனரைப் பொருத்தி இடஞ்சுழியாகத் திருக வேண்டும். அப்போது மறு கை குழாயின் உடலைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குப் பதில் குழாயே சுவரில் திரும்பும். சுவருக்குள் குழாய் பூட்டியிருக்கும் வளைந்த இணைப்பான எல்போவும் சேர்ந்து திரும்பிவிட்டால் டைல்ஸை உடைக்கும் வேலையாகிவிடும். பளபளப்பான குரோம் பூச்சில் ஸ்பேனரின் பல் படாமல் இருக்க நடுவே ஒரு துணி போதும்.

வெளியே வந்த ஸ்பிண்டிலின் அடியில் வாஷர் சின்ன நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும், அல்லது நடுவே ஒரு குமிழில் செருகியிருக்கும். சில குழாய்களில் வாஷர் தாங்கும் பகுதி தனியாகக் கழன்று சீட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதை மூக்குக் குறடால் எடுக்க வேண்டும். புது வாஷர் பழையதன் விட்டமும் கனமும் கொண்டதாக இருக்க வேண்டும். பெரியதை வாங்கிக் கத்தியால் செதுக்கினால் விளிம்பு வட்டமாக வராது, வந்ததுபோல் தெரியும். அவசரத்துக்குப் பழைய வாஷரையே திருப்பிப் போட்டால், தேயாத முகம் சீட்டில் பட்டுச் சில நாள் தாங்கும். சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவதும் உண்டு. அது மெல்லியது, மிருது. ஒரு வாரத்தில் மடங்கித் தண்ணீர் வரும் வழியையே அடைத்துக்கொள்ளும்.

புது வாஷரைப் போடுமுன் சுண்டுவிரலை உள்ளே விட்டு சீட்டின் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் சரி. நகம் ஓரிடத்தில் தடுக்கினால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது. அந்த வெட்டு எந்தப் புது வாஷரையும் சில வாரங்களில் கிழித்துவிடும். சீட்டைச் சமப்படுத்தத் தனிக் கருவி உண்டென்றாலும், சாதாரணப் பிப் காக்குக்கு அதைத் தேடி அலைவதைவிடக் குழாயையே மாற்றுவது மேல்.

கழுத்துக் கசிவு

கைப்பிடிக்குக் கீழே, தண்டு வெளிவரும் இடத்தில் சிறு நட்டு ஒன்று இருக்கும். கிளாண்டு நட்டு என்பார்கள். திறக்கும்போது மட்டும் கசிந்து, மூடியதும் நின்றுவிடும் ஒழுகலுக்கு இதுவே இடம். வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் போதும். அதற்குமேல் இறுக்கினால் கைப்பிடி கனக்கும். குழந்தைகளாலும் முதியவர்களாலும் திருக முடியாது. இறுக்கியும் நிற்காவிட்டால் தண்ணீரை நிறுத்தி நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை முறுக்கித் திரி போலாக்கி, தண்டைச் சுற்றி நான்கைந்து சுற்று போட்டு மறுபடி நட்டை இறக்கலாம். அந்த இடத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும் குழாயில் வளையத்தை மாற்றினாலே வேலை முடிந்தது.

கால் சுற்றுக் குழாய்

பாதி வட்டமோ கால் வட்டமோ திருப்பியதும் முழுதாகத் திறக்கும் குழாய்களில் வாஷர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பீங்கான் தட்டுகள், இரண்டிலும் துளை. துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர், விலகினால் அடைப்பு. கண்ணாடிபோல் மழமழப்பாக இழைத்த முகங்கள் ஒட்டி நிற்பதால்தான் நீர் நிற்கிறது. தொட்டி கழுவிய மறுநாளோ, தெருவில் குழல் வேலை நடந்த பிறகோ இந்தக் குழாய்கள் சொட்டத் தொடங்குவது தற்செயல் அல்ல. கிளம்பி வந்த ஒரு மணல் துகள் தட்டுகளுக்கு இடையே கோடு கிழித்திருக்கும்.

உள்பகுதியை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். கடையில் இதற்கும் ஸ்பிண்டில் என்றே பெயர். மாற்றுவதற்கு முன் அதன் அடிப்பக்க ரப்பரை மட்டும் ஒருமுறை பார்ப்பது லாபம். பல நேரம் தட்டுகள் நன்றாக இருக்கும். சீட்டில் படும் அந்த ரப்பர்தான் நசுங்கியிருக்கும். புது ஸ்பிண்டில் வாங்கும்போது உயரம், மரை, கைப்பிடி செருகும் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது, அல்லது உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வெந்நீரும் தண்ணீரும் சேர்ந்த மிக்ஸரில் இரண்டு பக்க ஸ்பிண்டில்களும் எதிரெதிர்த் திசையில் திறப்பவையாக இருக்கலாம் என்பதால் எந்தப் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். கால் சுற்றில் நின்றுவிடும் கைப்பிடியை அதற்கு மேலும் அழுத்தித் திருப்பினால் உள்ளே தடுப்பாக உள்ள சிறு முனை உடைந்துவிடும். பழைய குழாய்ப் பழக்கம் கையை விட்டுப் போகாதவர்கள் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

தண்ணீர் மெலிந்து வருவது ஒழுகல் அல்ல என்றாலும் இங்கேயே சொல்லிவிடலாம். மூக்கின் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்றி, மணலைத் தட்டி, வினிகரிலோ புளிக்கரைசலிலோ ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும்.

சுவர் ஓரத்துக் கசிவு

குழாயும் எல்போவும் சேரும் மரையில் சுற்றிய டேப் விட்டுப்போனால் சுவர் ஓரத்தில் ஈரம் கட்டும். குழாயைக் கழற்றி, பள்ளங்களில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பையும் சணல் நாரையும் பிரஷ்ஷால் முழுதாகத் துடைக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதைச் சுற்றுவது பயன்தராது. மரையின் முனை தன் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில், டேப்பைச் சற்று இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பித்தளை மரைக்குப் பத்து முதல் பதினைந்து சுற்று போதும். நுனியில் முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்கினால் டேப் நூல் உள்ளே தொங்காது.

திருகுவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறாமல் கோணினால் மரை மாறிக் கடித்திருக்கிறது என்று பொருள்; கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். கடைசியில் மூக்கு நேராகக் கீழே பார்க்கும்படி நிறுத்தும்போது சற்று அதிகம் போய்விட்டால், பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. டேப் அமுங்கிய இடத்திலிருந்து விலகி, அங்கேயே கசியும். முழுவதும் கழற்றிப் புது டேப் சுற்றுவதே வழி. இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் எல்போ என்றால், ரெஞ்சின் நீளக் கைப்பிடியில் முழு பலத்தையும் போடுபவர் எல்போவைப் பிளந்துவிடுவார். அந்தக் கசிவு வெளியே தெரியாது; சில மாதம் கழித்து மறுபக்கத்து அறைச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். குழாயோடு எல்போவும் அசைவதாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரை அழைப்பது நல்லது.

முறிந்த குழாய்

வெயிலில் கிடக்கும் தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாயும், வாளி மாட்டிப் பழக்கப்பட்ட குளியலறைக் குழாயும் கழுத்தில் முறியும். தண்ணீர் பீறிடும்போது கையால் பொத்திக்கொண்டு நிற்பதில் பலனில்லை. ஒருவர் மாடிக்கு ஓடி வால்வை மூட, மற்றவர் துணி சுற்றிய குச்சியை ஓட்டையில் அழுத்திப் பிடித்தால் போதும்.

முறிந்த மரைத்துண்டு எல்போவுக்குள் நிற்கும். அதை எடுக்க, ஹாக்ஸா பிளேடின் ஒரு துண்டைக் கையில் துணி சுற்றிப் பிடித்து, மரைத்துண்டின் உட்புறத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டு போட வேண்டும். வெட்டு பிளாஸ்டிக்கோடு நிற்க வேண்டும். எல்போவின் மரையைத் தொடக் கூடாது. பிறகு அகலமான பழைய திருப்புளியை இரண்டு வெட்டுகளிலும் படும்படி செருகி, மெல்ல இடஞ்சுழியாகத் திருப்பினால் துண்டு சுழன்று வெளியே வரும். திருப்புளியைப் பழுக்கக் காய்ச்சி அழுத்திப் பள்ளம் உண்டாக்குவது பிளம்பர்களின் பழைய உத்தி. எல்போவின் மரை பித்தளையாக இருந்தால் அது செல்லும். பிளாஸ்டிக் என்றால் துண்டும் எல்போவும் உருகி ஒன்றாகிவிடும்.

புதுக் குழாய் வாங்கும்போது கையில் வைத்து எடை பார்ப்பது நல்ல பழக்கம். கனமான பித்தளை வார்ப்பு மரையில் எளிதில் முறியாது. செம்புக் கலவையில் வார்த்த திருகுக் குழாய்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 781. தர முத்திரையோடு அந்த எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு மரை உள்ளே போய்விட்ட சுவருக்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். மூக்குச் சல்லடையைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து விட்டால், காற்றும் கிளறிய மண்ணும் முதலில் சீறி வெளியேறும். தண்ணீர் தெளிந்ததும் மூடி, குழாயைத் துடைத்து, கீழே உலர்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்து வைக்கலாம். வாயில் குறை இருந்தால் பத்து நிமிடத்தில் தாள் நனையும்; கழுத்தைக் குழாய் திறந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். டேப் சுற்றிய மரையின் மெல்லிய கசிவு ஒரு இரவு கழித்துத்தான் சுவர் ஓரத்தில் தெரியும் என்பதால், அந்த இடத்தை மறுநாள் காலையில் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.